வால்பாறை பங்களாவிலிருந்து வந்த 'ஹார்ப்சிகார்ட்' பற்றி

வணக்கம் ஐயா. வால்பாறை எஸ்டேட் பங்களாவில் கிடந்த நீள்சதுரப் பெட்டியைப் பொள்ளாச்சி வியாபாரி ஹார்ப்சிகார்ட் (பியானோ போலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பழைய கம்பி இசைக்கருவி) என்று சொல்லி விற்பதாகவும், முன்பணம் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து பொறுங்கள். மூடியைத் திறந்து விரலால் வாசிக்கும் கட்டைகளில் ஒன்றை மெல்ல அழுத்திப் பாருங்கள்: இறகுத் தண்டின் சிறு துண்டு கம்பியைச் சுண்டினால் அது ஹார்ப்சிகார்ட், தோல் சுற்றிய சுத்தியல் எழுந்து அடித்தால் சதுரப் பியானோ என்ற நீள்சதுரப் பெட்டி வடிவப் பழைய பியானோ. உங்கள் படத்தில் எனக்குத் தெரிவது சுத்தியல்தான்.

அதைவிட முக்கியமானவை வெள்ளைக் கட்டைகள். அவற்றின் முன்பகுதியும் பின்பகுதியும் சேருமிடத்தில் மெல்லிய இணைப்புக் கோடும், சாய்வான வெளிச்சத்தில் நுண்வரிகளும் தெரிந்தால், அவை யானைத் தந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்துள்ளதால், வாங்குபவரும் வழக்கில் சிக்க நேரிடும். வனத்துறையில் கேட்டுத் தெளியும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மலையின் ஈரத்தில் ஊறிய மரம் கோவைக்குக் கொண்டுவந்தால் இங்குள்ள வறண்ட காற்றில் சுருங்கி, ஒலிப்பலகையில் (கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மெல்லிய பலகை) விரிசல் விடக்கூடும். கம்பிகளை முறுக்கும் ஆணிகள் பிடிப்பின்றிச் சுழன்றால் சுருதி நிற்காது. அவற்றைப் பழுதுபார்க்கும் செலவு வாங்கிய விலையையே மிஞ்சிவிடக்கூடும்.