ரத்தப் புற்றுநோய் மாத்திரையால் தோல் வெளுக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். ஓராண்டாக தினமும் இமாடினிப் 400 மி.கி. சாப்பிடுகிறார். வெள்ளணு எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் முகமும் கைகளும் வெளுத்துக்கொண்டே வருகின்றன. மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். இந்த மாத்திரையால் ரத்தசோகையும் வரலாம். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பாக இருக்கிறது, ஹீமோகுளோபினும் குறையவில்லை என்றால், குறைந்திருப்பது பெரும்பாலும் தோலின் நிறமிதான்.

காரணம் கைனேஸ்கள் என்ற நொதிகள். நம் செல்களில் இவை சுமார் 500 வகை. செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து பாஸ்பேட் என்ற சிறு துண்டை எடுத்து வேறொரு புரதத்தில் ஒட்டுவதுதான் இவற்றின் வேலை. ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும், சில சமயம் அடங்கிவிடும். பாஸ்படேஸ் என்ற வேறு நொதி வந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும். செல் பிரியவேண்டுமா, இடம்பெயர வேண்டுமா, சாகவேண்டுமா என்ற உத்தரவெல்லாம் இப்படித்தான் கைமாறுகிறது.

சி.எம்.எல். நோயில் 9-ம் குரோமோசோமும் 22-ம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. ஏபிஎல் என்ற கைனேஸ் தன் முன்முனையில் இருந்த கடிவாளத்தை இழந்து பிசிஆர் (BCR) என்ற புரதத்தோடு ஒட்டிப்போகிறது. பிறகு அது ஓய்வதே இல்லை. வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஏடிபி உட்கார வேண்டிய குழியில் இமாடினிப் போய் உட்கார்ந்து அதை முடக்குகிறது.

ஆனால் அதே மருந்து கிட் என்ற இன்னொரு கைனேஸின் குழியிலும் பொருந்தும். கருவில் முதுகுப்பக்கம் உருவாகும் நிறமிச் செல்கள் உயிரோடிருந்து தோல்வரை நகர்ந்துபோக கிட் வேண்டும். அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவர்களுக்கு நெற்றி முடியில் வெள்ளைக் கற்றையும் வயிற்றில் வெள்ளைத் திட்டுகளும் இருப்பதைப் பார்க்கலாம். வளர்ந்த பிறகும் அந்தச் செல்களுக்கு கிட் தேவை. ஹீமோகுளோபின் குறையவில்லை என்றால், உங்கள் அப்பாவின் தோல் வெளுப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆபத்தில்லை, மருந்தின் அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் நிறம் திரும்பும். அதற்காக அளவைக் குறைப்பது சரியல்ல. வெயிலில் போகும்போது மட்டும் தோலை மூடிக்கொள்ளட்டும்.

கேள்வி: நன்றாகக் கேட்ட இமாடினிப் பிறகு கேட்காமல் போவது ஏன்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: மாத்திரையைத் தவறவிடுவதுதான் நாங்கள் முதலில் சந்தேகிக்கும் காரணம். அடுத்தது வேறு மருந்துகள்: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் கல்லீரலைத் தூண்டி இமாடினிப்பைச் சீக்கிரம் கழித்துவிடும். மூன்றாவது, ஏபிஎல் கைனேஸே மாறிப்போவது. அதன் 315-வது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் வந்துவிட்டால் மருந்து உள்ளே நுழைய இடமிருக்காது. இதே வகை மருந்துகளான டாசாடினிப், நிலோடினிப்பும் உதவாது. போனாடினிப் போன்றவை தேவைப்படும்.

இந்த மாற்றம் சாதாரண ரத்த எண்ணிக்கையில் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஒட்டிப்போன பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அவசியம். அந்த அளவு மூன்றாம் மாதத்தில் 10 சதவீதத்துக்குள்ளும், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள்ளும் வரவேண்டும். வராவிட்டால், மாத்திரை தவறியதா என்று விசாரித்த கையோடு மரபணு மாற்றப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பமாகலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கூடாது. கிட்டும் அதன் உறவுக் கைனேஸ்களும் கருவின் உறுப்புகள் உருவாகத் தேவையானவை. குழந்தை வேண்டுமென்றால், கருத்தரிப்பதற்கு முன்பே ரத்தநோய் மருத்துவரிடம் பேசுங்கள்; இன்டர்ஃபெரான் என்ற ஊசி மருந்து போன்ற மாற்று வழி உண்டு. எதிர்பாராமல் நாள் தள்ளிப்போனால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.