மூளைத்தண்டுக் கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் மூலம் கீமோ மருந்தை உள்ளே அனுப்ப முடியுமா?

அண்ணன் மகளுக்கு ஏழு வயது, மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் பரவலான கட்டி என்று எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்திருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, கீமோவும் பெரிதாகப் பலன் தராது என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அல்ட்ராசவுண்ட் கொண்டு மூளையின் தடுப்பைத் திறந்து மருந்தை அனுப்புகிறார்களாமே, அது உண்மையா, நம்பிப் போகலாமா என்பது உங்கள் கேள்வி.

உண்மைதான். குழந்தைகளுக்கே செய்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிதான். இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இயற்பியலாளர். இந்தக் கட்டி வந்த குழந்தைகளுக்கு நான் கதிர்வீச்சுத் திட்டம் போட்டிருக்கிறேன்: மொத்தம் 54 கிரே (கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு), 30 தவணை, ஆறு வாரம். முதல் வாரம் ஒரு கண் மூக்குப் பக்கம் இழுத்தபடி, அப்பாவின் கையைப் பிடித்துத் தள்ளாடி வரும் குழந்தை, நாலாம் வாரத்தில் தானாக நடந்து வரும். கண் நேராகியிருக்கும். அந்த நாட்களில் வீட்டார் முகத்தில் தெரியும் நிம்மதியை நேருக்கு நேர் பார்க்க எனக்கு முடிவதில்லை. அது பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் என்று தெரிந்துவிட்டதே.

ஒருமுறை ஒரு குழந்தையின் அப்பா மருத்துவரிடம், "கேன்சருக்கு இத்தனை மருந்து இருக்கே சார், இதுக்கு ஒண்ணுகூடவா ஆகாது?" என்று கேட்டார். "மருந்து அந்த இடத்துக்குப் போகாதுங்க" என்றார் மருத்துவர். அறையை விட்டு வெளியே வந்ததும் அந்த அப்பா என்னைப் பார்த்து, "போகாதுன்னா என்னங்க? ரத்தம் போகுதில்ல?" என்றார். அன்று என்னால் சரியாக விளக்க முடியவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

ரத்தம் போகிறது. மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களை நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் உடம்பின் மற்ற இடங்களில் உள்ள நுண்குழாய்களின் சுவர் போன்றதல்ல மூளையில் உள்ளது. மற்ற இடங்களில் சுவரின் செல்களுக்கு நடுவே சிறு இடுக்குகள் உண்டு, மருந்து அவற்றின் வழியே கசிந்து திசுவுக்குப் போய்விடும். மூளையில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று தைத்தாற்போல் ஒட்டியிருக்கின்றன. தப்பித்தவறி உள்ளே நுழைந்த மருந்தையும் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளும் புரதங்கள் அங்கே உண்டு. பி-கிளைகோபுரோட்டீன் அவற்றில் முக்கியமானது. இதைத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்கிறார்கள். ரத்தத்தில் வரும் நச்சிலிருந்து மூளையைக் காப்பதற்காக அமைந்த காவல் அது. சிறிய மூலக்கூறு மருந்துகளிலேயே 98 சதவீதத்துக்கும் மேல் அதைத் தாண்டுவதில்லை என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு.

பல மூளைக் கட்டிகளில், கட்டி வளர வளர இந்தச் சுவர் தானே சிதைந்து ஓட்டையாகிவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் ஏற்றும் காடோலினியம் சாயம் கட்டிக்குள் கசிந்து வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். பான்ஸ் கட்டியில் பல நேரம் அந்த வெண்மை மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. கட்டி நரம்புகளுக்கு இடையே இழை இழையாகப் பரவுகிறது, சுவரோ பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. சாயமே நுழையாத இடத்தில் டாக்சோரூபிசின் போன்ற கீமோ மருந்து எப்படி நுழையும்? உங்கள் அண்ணன் மகளின் அறிக்கையில் சாயம் ஏறியதைப் பற்றி ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

அல்ட்ராசவுண்டின் வேலை இங்கேதான். முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். கை நடுக்க நோய்க்கு அல்ட்ராசவுண்ட் கொண்டு மூளையில் ஒரு புள்ளியைச் சூடாக்கி எரிக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு, கட்டியையும் இப்படி எரித்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பான்ஸில் அது நடக்காது. கண்ணை அசைக்கும் நரம்பு, முகத்தின் நரம்பு, கைகால்களுக்கு இறங்கும் பாதைகள் எல்லாம் கட்டைவிரல் பருமனுள்ள அந்த இடத்துக்குள் கட்டியோடு பின்னிக் கிடக்கின்றன. கட்டியை எரித்தால் எல்லாம் போய்விடும். நீங்கள் படித்தது வேறு முறை. அதில் எதையும் எரிப்பதில்லை, சூடேற்றுவதும் நோக்கமில்லை.

அந்த முறையில் முதலில் ரத்தக்குழாய் வழியாக நுண்குமிழிகளை ஏற்றுகிறார்கள். கொழுப்பு உறைக்குள் வாயு அடைத்த குமிழிகள், பெரும்பாலும் சிவப்பணுவை விடச் சிறியவை. இதய ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய இவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். குமிழிகள் ரத்தத்தோடு மூளையெங்கும் சுற்றும்போது, வெளியிலிருந்து பல திசைகளில் ஒலி அலைகளை அனுப்பி ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். அந்தப் புள்ளியைக் கடக்கும் குமிழிகள் மட்டும் ஒலிக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். அந்த அதிர்வில் குழாய்ச் சுவரின் ஒட்டு கொஞ்சம் நெகிழ்கிறது, திருப்பித் தள்ளும் புரதங்களின் வேகமும் தணிகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தில் மருந்து இருந்தால் கசிந்து உள்ளே போகும். சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளுக்குள், சுவர் மறுபடி மூடிக்கொள்கிறது. வழியில் உள்ள மற்ற மூளைப் பகுதிகளில் ஒலி குவியாததால் அங்கே எதுவும் திறப்பதில்லை. என் வேலையும் பல திசைக் கதிர்களை ஒரு புள்ளியில் சேர்ப்பதுதான் என்பதால், இந்த யோசனையை முதன்முதலில் படித்தபோது இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன்.

குல்லர்வோ ஹைனினன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் முயல்களில் இதைச் செய்து காட்டி 2001-ல் வெளியிட்டார்கள். மனிதருக்கு வர இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2015-ல் கனடாவில், டொரான்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் மண்டையைத் திறக்காமலே, மூளைக் கட்டி உள்ள ஒருவருக்குத் தடுப்பைத் திறந்து கீமோ கொடுத்தார்கள். இத்தனை காலம் ஆனதற்கு மண்டையோடு ஒரு முக்கியக் காரணம். எலும்பு ஒலியை விழுங்கும், வளைக்கும், சிதறடிக்கும். அங்கே பயன்படுத்திய தலைக்கவசம் போன்ற கருவியில் 1024 ஒலி அலகுகள். எலும்பின் தடிமனை சி.டி. ஸ்கேனில் அளந்து, ஒவ்வொரு அலகும் எந்தக் கணத்தில் ஒலிக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். அதிர்வெண் 220 கிலோஹெர்ட்ஸ், அதாவது மூளைத் திசுவில் அலைநீளம் சுமார் ஏழு மில்லிமீட்டர். குழந்தையின் பான்ஸை நினைத்துப் பார்த்தால், கூர்மைக்கு ஓர் எல்லை இருப்பது புரியும்.

குமிழி அளவோடு அதிர வேண்டும். சக்தி கூடினால் அது வெடித்து, குழாயைக் கிழித்து, நுண்ணிய ரத்தக்கசிவை உண்டாக்கும். அதனால் குமிழிகள் எழுப்பும் ஒலியைக் கருவி கேட்டுக்கொண்டே இருக்கிறது. மெதுவான அதிர்வுக்கு ஒரு சுருதி, வெடிப்புக்கு வேறொரு இரைச்சல். இரைச்சலின் சாயல் தெரிந்தாலே சக்தியைக் குறைத்துவிடும். முடிந்தபின் காடோலினியம் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால், எங்கே திறந்திருக்கிறது என்பது படத்திலேயே தெரியும்.

மூளைத்தண்டில் இதைச் செய்ய எல்லாரும் தயங்கினார்கள். மூச்சையும் இதயத் துடிப்பையும் இயக்கும் இடம் அல்லவா. டொரான்டோ குழு எலிகளின் மூளைத்தண்டில் தடுப்பைத் திறந்து, மூச்சும் துடிப்பும் மாறவில்லை, டாக்சோரூபிசின் கூடுதலாக உள்ளே போகிறது என்று 2018-ல் காட்டிய பிறகுதான் குழந்தைகளுக்கான பாதை தெளிந்தது. அதன்பின் டொரான்டோவில் சன்னிபுரூக்கும் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து, வாஷிங்டனில் சில்ட்ரன்ஸ் நேஷனல் மருத்துவமனை என, டாக்சோரூபிசினோடு சோதனைகள் தொடங்கின. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேறு வழி: எலிசா கொனோஃபாகூ குழுவின் கருவிக்கு எம்.ஆர்.ஐ. அறையே தேவையில்லை, சாதாரண அறையில் தலைக்கு அருகே வைத்துக் குறிபார்க்கிறார்கள். அங்கே கொடுத்த மருந்து பனோபினோஸ்டாட். இந்தக் கட்டியின் செல்களை ஆய்வகத்தில் அது கொல்கிறது என்று 2015-லேயே தெரிந்திருந்தது.

இவை மிகச் சில குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆரம்பக்கட்டச் சோதனைகள். செய்யலாமா, தீங்கில்லாமல் செய்யலாமா என்பதுதான் அவை கேட்கும் கேள்வி. ஆயுள் நீளுமா என்று அவை கேட்கவே இல்லை. உங்கள் அண்ணனிடம் இதை யாராவது நேராகச் சொல்லியாக வேண்டும்.

மருந்து கூடுதலாகப் போகிறதா என்பதற்குப் பெரியவர்களிடம் நல்ல சான்று உண்டு. மண்டையோட்டில் பதிக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து அமெரிக்காவில் செய்து 2023-ல் வெளியான ஆய்வில், கிளியோபிளாஸ்டோமா என்ற தீவிர மூளைக் கட்டி உள்ள நோயாளிகளின் மூளைத் திசுவையே எடுத்து அளந்தார்கள். தடுப்பைத் திறந்த இடத்தில் பக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளின் அளவு முறையே கிட்டத்தட்ட நான்கு மடங்காகவும் ஆறு மடங்காகவும் இருந்தது. பான்ஸில் அப்படித் திசுவெடுத்து அளப்பது எளிதல்ல.

ஆனால் நான் அந்த அப்பாவிடம் இன்று பேசினால், தடுப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். டெமோசோலமைடு என்ற மாத்திரை தடுப்பை ஓரளவு தாண்டக்கூடியது. கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், இந்தக் குழந்தைகளுக்கு ஆயுள் கூடவில்லை. ஆக, உள்ளே போகிற மருந்து இந்தக் கட்டியைக் கொல்லும் மருந்தாகவும் இருக்க வேண்டும். டாக்சோரூபிசினுக்கு இதயத்தைப் பாதிக்கும் குணம் உண்டு, வாழ்நாளில் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்துத்தான் கொடுப்பார்கள். கட்டியோ பரவலானது. ஒலி தொட்ட இடத்தில் மட்டுமே மருந்து ஏறும், தொடாத ஓரங்களில் செல்கள் அப்படியே இருக்கும். சரியான மருந்து, கட்டி முழுவதும், பலமுறை என்ற மூன்றும் கூடிவந்தால்தான் இந்த முறையின் முழுப் பலம் தெரியும் என்பது என் எண்ணம். அது வரும் என்றும் நம்புகிறேன். கதவு திறக்கும் என்பதே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் யாருக்கும் உறுதியில்லாமல் இருந்தது.

தானாகவே தடுப்பைத் தாண்டும் மருந்துகளும் வருகின்றன. டார்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஆகஸ்ட் 2025-ல் விரைவு அனுமதி கிடைத்தது. எச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் உள்ள, சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் வளரும் கட்டிகளுக்கு. கட்டியில் அந்த மாற்றம் இருக்கிறதா என்பதை உங்கள் மருத்துவரிடம் இன்றே கேட்டுவிடலாம்.

இனி நடைமுறை. எந்தச் சோதனையையும் எதிர்பார்த்துக் கதிர்வீச்சைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தையை இப்போதைக்கு எழுப்பி நடக்கவைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த சிகிச்சை அது ஒன்றுதான். அல்ட்ராசவுண்ட் சோதனைகளிலும் பொதுவாகக் கதிர்வீச்சு முடிந்த குழந்தைகளைத்தான் சேர்க்கிறார்கள். சேர்வதானால் இவற்றைக் கேளுங்கள்: கட்டியின் எவ்வளவு பகுதியைத் திறக்கிறீர்கள், மயக்க மருந்து தேவையா, எத்தனை முறை, வீக்கம் வந்தால் என்ன செய்வீர்கள். பான்ஸுக்குப் பின்னால் மூளை நீர் ஓடும் வழி குறுகலானது. சின்ன வீக்கமே அதை அடைத்துவிடலாம் என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு உடனே செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், பதிவு செய்யப்பட்ட சோதனையின் எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் அங்கே போக வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. படங்களை அச்சிட்ட ஃபிலிமாக மட்டும் வாங்கி வைக்காமல், டைகாம் (DICOM) என்ற கணினிக் கோப்புகளாக ஒரு வட்டிலோ பென்டிரைவிலோ வாங்கி வையுங்கள். பயாப்சி எடுத்திருந்தால் அதன் அறிக்கையையும், மெழுகில் பதித்த திசுத் துண்டு எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மையத்துக்கு எழுதினாலும் முதல் பதிலில் இவற்றைத்தான் கேட்பார்கள். அறிக்கையில் புரியாத வரி இருந்தால், பெயரை மறைத்துவிட்டுக் கருத்துப் பகுதியில் போடுங்கள். இரவில் வந்து பார்க்கிறேன்.