மதினிக்குத் தெரியாமல் போகலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் காலை நடை போகும் பெண்கள் பதினான்கு பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். பங்குனியில் ஒருநாள் கடையம் பக்கம் தோரணமலை ஏறிவரத் திட்டம். குழுவைத் தொடங்கியவர், நாங்கள் எல்லாருமே மதினி என்று கூப்பிடுகிற ஒருவர். வயது 67. முழங்கால் வலி வந்ததிலிருந்து ரொம்பப் பின்தங்கிவிடுகிறார். அவரிடம் சொல்லாமலே போய்வந்துவிடலாம் என்கிறார்கள் சிலர். குழுவில் ஒருவரின் மருமகனோ, கோயில் மலை எதற்கு, காரையார்க் காட்டுக்குள் நல்ல தடம் காட்டுகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்? கட்டுச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எது நல்லது என்றும் சொல்லுங்கள்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மருமகன் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். காரையார், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தடம் விட்டு உள்ளே போவது குற்றம். அதுவும் பங்குனியில் புல்லெல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். மருமகனுக்கு வழி தெரிந்திருக்கலாம். தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கும் தெரியாது.

இனி மதினி. அவருக்குத் தெரியாமல் போய்வருவது நடக்காத காரியம். பதின்மூன்று பேர் வாயை யார் கட்டுவது? மலை இறங்குவதற்கு முன்பே யாராவது ஒருவர் படம் அனுப்பியிருப்பார்.

என் கதை ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை குடும்பத்தோடு திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு நடந்து போனோம். ஓடைச் சத்தம், மர நிழல், வாய் ஓயாத பேச்சு. கோயில் வாசலில்தான் மாமியார் கூட வரவில்லை என்பது உறைத்தது. திரும்பி ஓடினேன். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பதுதான் பதில். அவர் போய்ச் சேரும்வரை அது மாறவில்லை.

ஆகவே நேரில் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் போனால் போதும். நாலு பேர் போனால் அது பஞ்சாயத்து. "இப்படி ஒரு திட்டம் இருக்கிறது, முழங்கால் எப்படி இருக்கிறது, என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வீக்கமோ, படியேறும்போது பிடித்திழுப்பதோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். தோரணமலையில் உச்சிக் குகையில் இருக்கும் முருகனைப் பார்க்க நூற்றுக்கணக்கான படிகள் ஏற வேண்டும், அத்தனையையும் இறங்கவும் வேண்டும். எனவே முழு மலையும் ஏறியே தீருவது என்று யாரும் சபதம் போட வேண்டாம். முடிந்த படிவரை ஏறட்டும். கூட இருவர் அங்கேயே உட்காரட்டும், அதையும் மனதோடு செய்கிறவர்களாகப் பார்த்து வையுங்கள்.

நடக்கும்போது மதினி முன்னால் போகட்டும். மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விடுவதுதான் எல்லாக் குழுக்களும் செய்கிற தப்பு. முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். பாவம், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. திடமான ஒருவர் கடைசியில் ஊதல் ஒன்றோடு வரட்டும். கையில் கம்பு இருக்கட்டும், இறங்கும்போது அருமை தெரியும்.

நாளைப் பொறுத்தவரை, பங்குனி உத்திரம் மட்டும் வேண்டாம். அன்றைக்கு நம் சீமையே குலதெய்வச் சாஸ்தாவைத் தேடிக் கிளம்பியிருக்கும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இராது. சாதாரண நாளில் செங்கோட்டை ரயிலில் ஏறிக் கீழக்கடையத்தில் இறங்கலாம். ஆனால் வெயிலுக்கு முன் ஏற வேண்டும் என்றால் வேன்தான் சரி. விடியும்போது அடிவாரத்தில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும்.

வேனில் தூங்கிவிடாதீர்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் பிசான அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டுகள் கிடக்கும், தாளடியில் வாத்துக் கூட்டம் மேயும். வேம்பு பூத்திருக்கும், புங்கை அந்த இளம்பச்சையில் மின்னும். மேற்கே மலை நீலமாகக் கூடவே வரும். கடையம் செல்லம்மாள் பாரதியின் ஊர். பாரதியும் 1918 முதல் 1920 வரை அங்கேதான் இருந்தார். மலையடிவாரத்து நித்யகல்யாணி அம்மன் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். படியேற முடியாதவருக்கும் அன்றைய பொழுது நிறைந்துதான் இருக்கும். (கடையம் இப்போது தென்காசி மாவட்டமாம். எனக்கு இன்னும் நாக்கில் வரவில்லை.)

வழியில் பதனீர் கிடைத்தால் குடியுங்கள், ஆனால் மலை இறங்கிய பிறகு.

தொட்டுக்கொள்ளக் கேட்டீர்களே, புளிச்சோற்றுக்குக் காணத் துவையல்தான், அதாவது கொள்ளுத் துவையல். காணத்தை வாசம் வரும்வரை வறுத்து, வற்றல் மிளகாய், பூண்டு, புளி, உப்பு வைத்துக் கெட்டியாக அரையுங்கள். தேங்காய் வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும். குரங்குகள் இருக்கும், பாத்திரத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.