குழந்தைக்கு இதய ஆபரேஷன்: தங்கச்சி குடும்பத்துக்கு எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. திருப்பூரில் இருக்கும் தங்கச்சியின் மூன்று மாதக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. எடை ஏறவில்லை, சில வாரங்களுக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியார் மருத்துவமனையில் 3.5 லட்சம் ஆகும் என்கிறார்கள். மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் டெய்லர், மாதம் 18,000 சம்பளம். 3 வட்டிக்கு 2 லட்சம் வாங்கப்போவதாகச் சொல்கிறார். என்னிடம் 2 லட்சத்துக்கு எஃப்.டி. இருக்கிறது. வங்கி ஆப்பில் 3 லட்சம் பர்சனல் லோன் தயார் என்று காட்டுகிறது. மனைவியிடம் 10 பவுன் நகை இருக்கிறது. எஃப்.டி.யை உடைத்து, லோனும் போட்டு மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

பதில்: லோன் பட்டனைத் தொடாதீர்கள். எஃப்.டி.யும் இன்னும் நான்கைந்து நாள் அப்படியே இருக்கட்டும். முதலில் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 18,000 சம்பளத்துக்கு 135 ரூபாய். அந்த 135 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால் மனைவி, குழந்தைகளின் சிகிச்சைக்கும் சேர்த்துத்தான் அந்தக் காப்பீடு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதற்குள் வருவார்கள். இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பும் சிகிச்சைச் செலவுக்கு இல்லை. இதைப் பார்க்காமலே வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு தெரிந்து நொந்துபோகும் குடும்பங்கள் நிறைய.

ஈ.எஸ்.ஐ. இருந்தால் வரிசை முக்கியம். முதலில் குழந்தையைக் குடும்ப விவரத்தில் சேர்க்க வேண்டும். கம்பெனியின் எச்.ஆர். அல்லது ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழோடு போனால் செய்துகொடுப்பார்கள். பெயர் வைக்காததால் சான்றிதழ் வாங்கவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, உங்கள் பக்கம் கோவை சிங்காநல்லூரில் இருக்கிறது. குழந்தை இதய ஆபரேஷன் அங்கே செய்ய முடியாவிட்டால், ஒப்பந்தத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம் ஆகிறது, எத்தனை நாள் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்றும் பார்ப்பார்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஆதாரில் ஒரு இனிஷியல், ஈ.எஸ்.ஐ. பதிவில் வேறு இனிஷியல் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, கடிதம் வாங்காமல் தாங்களாகவே தனியாரில் அட்மிட் செய்துவிட்டு, பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்பது. அது கிடைப்பது கடினம். டாக்டர் சில வாரம் அவகாசம் தந்திருப்பதால் கடிதத்தை முதலில் வாங்குங்கள். ஆனால் குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உதடு நீலமானாலோ கடிதம், கணக்கு எதையும் பார்க்க வேண்டாம். உடனே பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள், ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குத் தகவலைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பீஸ் ரேட்டில் (தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி) தைப்பவர், ஈ.எஸ்.ஐ. இல்லை என்றால் அடுத்தது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 18,000 என்றால் வருடத்துக்கு 2,16,000 ஆகிறது, வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் பீஸ் ரேட்டில் வேலை இல்லாத மாதங்களும் இருக்கும். உண்மையான வருமானம் என்னவோ அதை வைத்து வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கட்டும். குறைத்துக் காட்டச் சொல்லும் புரோக்கர் பேச்சைக் கேட்க வேண்டாம். குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் பட்டியலிலும் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் இதற்கென்று இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தையைப் பதிவு செய்யுங்கள். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை பற்றியும் அங்கேயே கேளுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலும் இதய ஆபரேஷனுக்கு உதவி உண்டு; ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பணம் மருத்துவமனைக்குத்தான் போகும்.

எந்த வழியும் இல்லாமல் தனியாரிலேயே செய்ய வேண்டி வந்தால், அந்த 3.5 லட்சத்தைப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள். பேக்கேஜில் ஐ.சி.யூ. எத்தனை நாள்? அதற்கு மேல் போனால் ஒரு நாளைக்கு எவ்வளவு? ரத்தம், மருந்து, ஓட்டையை அடைக்கும் பேட்ச் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா? சளி, தொற்று என்று ஆபரேஷன் தள்ளிப்போனால் கட்டிய முன்பணம் என்னாகும்? இந்த வயதுக் குழந்தைகளுக்கு ஐ.சி.யூ. நாள் கூடுவது சகஜம். எஸ்டிமேட் தாண்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி, இப்படிக் கையிலிருந்து கட்ட வேண்டி வரும் தொகைக்கு எந்தப் பணத்தை எடுப்பது? 3 வட்டி என்றால் 2 லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய். மாப்பிள்ளையின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். இதை எப்படியாவது நிறுத்துங்கள். உங்கள் பர்சனல் லோன், 15 சதவீத வட்டியில் 3 வருடத்துக்கு என்று வைத்தால் மாதம் சுமார் 10,400 தவணை; கடைசியில் 74,000 ரூபாய்க்கு மேல் வட்டி கட்டியிருப்பீர்கள். நகைக்கடன் வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ 9.6 சதவீதம் அளவில் கிடைத்தால் லட்சத்துக்கு மாதம் 800 ரூபாய்தான் வட்டி. அடகுக் கடையில் 2 வட்டி என்றால் அதே லட்சத்துக்கு 2,000. ஆனால் நகை உங்கள் மனைவியுடையது. முடிவு அவருடையது, மீட்கும் தேதியையும் அவரிடமே சொல்லிவிட்டு வையுங்கள். மாப்பிள்ளைக்குப் பி.எஃப். இருந்தால் குடும்பத்தாரின் சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கலாம். அது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம்.

சிகிச்சை முழுக்க இலவசமாகவே நடந்தாலும் இந்தக் குடும்பம் திணறப்போவது வீட்டுச் செலவில்தான். இரண்டு மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தால் மாப்பிள்ளைக்கு அத்தனை வாரச் சம்பளமும் போய்விடும். வாடகை, குழுக் கடன் தவணை, கேஸ் எதுவும் நிற்காது. மருத்துவமனைப் பக்கம் தங்கினால் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் நாளைக்கு ஆயிரம் ரூபாய் சுலபமாகப் போகும். உங்கள் உதவி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இது.

உங்கள் நிலைமையில் நான் பிரிப்பது இப்படி. எஃப்.டி.யில் 60,000 ரூபாய், தங்கச்சி வீட்டின் இரண்டு மாதச் செலவுக்கு. மொத்தமாகக் கையில் கொடுக்காமல் வாரம் 7,500 வீதம் தங்கச்சி கணக்குக்கே போடுங்கள். எட்டு வாரம் வரும். மொத்தமாகக் கொடுத்தால் முதல் வாரமே யாராவது ஒரு கடன்காரர் வந்து வாங்கிக்கொண்டு போவார். 50,000 ரூபாய் மருத்துவமனைச் செலவுக்கு: தனியாகக் கட்டச் சொல்லும் டெஸ்ட், டயப்பர், பால் எடுக்கும் பம்ப், ஆட்டோ. அட்வான்ஸ் கட்டினால் மருத்துவமனை வங்கிக் கணக்குக்கு நேராகக் கட்டி, குழந்தையின் பதிவு எண்ணோடு ரசீது வாங்குங்கள். 40,000 ரூபாயைத் தொடவே கூடாது, அது டிஸ்சார்ஜுக்குப் பிறகு. மருந்து, எக்கோ, மறுபரிசோதனை, சளி பிடித்தால் திரும்ப அட்மிஷன் எல்லாம் அப்போதுதான் வரும். அந்த நேரத்தில் உதவிக்கு வந்தவர்கள் எல்லாம் போயிருப்பார்கள். மீதி 50,000 உங்கள் வீட்டுக்கு. உங்கள் வீட்டிலும் ஒரு அவசரம் வரலாம்.

இந்த 1,50,000 ரூபாயைக் கைமாற்றாக நினைக்காதீர்கள். தாய்மாமன் கொடுத்தது என்று சொல்லியே கொடுங்கள். உடன்பிறந்தவர் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரியும் இல்லை. நகையை வைத்துக் கொடுக்கும் தொகை மட்டும் திரும்ப வேண்டும் என்றால் அதை முதலிலேயே இருவரிடமும் சொல்லி, வங்கி வழியாகவே அனுப்புங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனை ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தவறு.

தங்கச்சியும் பிரசவத்துக்கு முன் கம்பெனிக்குப் போனவரா? அவருக்கும் ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்து, பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால் 26 வாரத்துக்கு மகப்பேறுத் தொகை உண்டு. மூன்று மாதம் ஆகியும் அதை யாரும் கேட்காமல் விட்டிருக்கலாம். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போகும் அதே நாளில் அதற்கும் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.