வளர்ப்பு நாய்க்குச் செஸ் கற்றுக்கொடுக்க முடியுமா?

காய் நகர்த்தக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் செக்மேட் என்ற ஒன்றை எந்த நாயும் ஒப்புக்கொள்ளாது. ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஜிம்மியோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அறிவில் குறையில்லை. அமெரிக்காவில் சேசர் என்ற போடர் கோலி நாய் 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னதும் எடுத்துவரக் கற்றிருந்தது. செஸ்ஸில் இருப்பதோ ஆறே வகைக் காய்கள். நாயின் கண் தடுமாறுவது சிவப்பிலும் பச்சையிலும்தான். கறுப்பு வெள்ளைப் பலகையில் அந்தக் கவலையும் இல்லை.

தொல்லை கோட்டையில் தொடங்குகிறது. மூலையில் நிமிர்ந்து நிற்கும் எதையும் நாய் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் காய் நகருமுன்பே நான்கு கோட்டைகளுக்கும் ஜிம்மி காணி உறுதி எழுதிவிடுகிறான். வெள்ளைக் குதிரையைக் கடித்தே தீர்த்துவிட்டதால் அந்த இடத்தில் இப்போது ஒரு சோடா மூடி நிற்கிறது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதியை அவனளவு மதிப்பவர் எவருமில்லை: தொட்ட காயைக் கிணற்றடி வரை நகர்த்துவான். நல்ல நகர்வு தென்பட்டால் வால் ஆடும். வால் ஆடினால் பலகையில் காய் மிஞ்சாது.

இலக்கு எதுவென்று புரியட்டும் என்று கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பப்பா கறுப்பு ராஜாவின் தலையில் கருவாட்டைத் தேய்த்தார். ஒரே பாய்ச்சல், ராஜா வாய்க்குள்.

“ராஜாவை வெட்டக் கூடாதடா, தப்ப வழியில்லாமல் செய்தால் போதும்” என்று அப்பப்பா ஜிம்மியின் வாயைப் பிளந்து காயை மீட்டார்.

ஜிம்மி அவரைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. விரட்டு, மடக்கு, சுற்றி வளை என்று அத்தனையும் செய்யவைத்துவிட்டு, கடிக்கும் நேரத்தில் எல்லோரும் தேநீர் குடிக்க எழுந்துபோனால் அது என்ன வேட்டை? நகர வழியில்லாமல் ஆட்டம் சமநிலையில் முடியும் ஸ்டேல்மேட் அதைவிட மோசம். மூலையில் அகப்பட்டு அசைய முடியாமல் நிற்கும் பூனைக்கு அரைப் புள்ளி கொடுக்கும் விதியை எந்த நாயிடம் போய் விளக்குவது?

ஒன்று மட்டும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எதிராளிக்குக் கை கொடுக்க வேண்டும் அல்லவா? ஜிம்மி அழகாகக் கொடுப்பான். ஒவ்வொரு முறையும் ஒரு மாரி பிஸ்கட் வைக்காவிட்டால் கையை எடுக்க மாட்டான்.