கல்யாண வீடியோவுக்கு எந்த சர்வர்?

கேள்வி: கல்யாண கேசட், அப்பாவின் மணிவிழா, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றையும் ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பை சர்வராக்கி டிவியில் பார்க்க, நம் வீடியோக்களை வீட்டு சர்வரிலிருந்து டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்களில் பிளெக்ஸ் நல்லதா, எம்பியா (Emby), ஜெல்லிஃபினா? சிங்கப்பூரில் இருக்கும் தங்கையும் பார்க்க வேண்டும்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஜெல்லிஃபின் போடுங்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2018-ல் எம்பி தன் மூல நிரலை (மென்பொருளின் அடிப்படைக் குறிப்பை) பிறர் பார்க்க முடியாதபடி மூடியபோது அதிலிருந்து பிரிந்து வந்தது இது, முழுக்க இலவசம், கணக்கும் பாஸ்வேர்டும் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். பிளெக்ஸில் அந்த நிறுவனத்திடம் கணக்கு தொடங்க வேண்டும். அதுவரை இலவசமாக இருந்த ஒன்றை, அதாவது நம் வீட்டு வீடியோவை வெளியூரிலிருந்து பார்ப்பதை, 2025 ஏப்ரல் 29 முதல் கட்டணமாக்கி, ஆயுள் சந்தாவையும் 120 டாலரிலிருந்து 250 ஆக்கிவிட்டார்கள். அப்பாவின் மணிவிழாவைப் பார்க்க அடுத்த வருஷம் என்ன கேட்பார்களோ என்ற யோசனையே நமக்கு வேண்டாம்.

ஆனால் பிளெக்ஸ் ஆப் கிட்டத்தட்ட எல்லா டிவியிலும் கிடைக்கும், நிறுவுவதும் சுலபம். அதனால் முதலில் உங்கள் டிவியின் ஆப் கடையில் ஜெல்லிஃபின் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஒரு ஃபயர் ஸ்டிக்கோ ஆண்ட்ராய்டு டிவி பெட்டியோ போதும்.

பழைய லேப்டாப் என்பதால் இன்னொன்று. டிவிக்குப் புரியாத வடிவில் வீடியோ இருந்தால் சர்வர் அதை ஓட ஓட மாற்றிக் கொடுக்கும், டிரான்ஸ்கோடிங் என்பார்கள், பழைய லேப்டாப் அங்கேதான் திணறும், படம் நின்று நின்று ஓடும். இன்டெல் சிப்பில் உள்ள குயிக் சிங்க் என்ற வீடியோ மாற்றும் வசதி இந்தச் சுமையைக் குறைக்கும். அந்த வசதிக்கு பிளெக்ஸிலும் எம்பியிலும் பணம் கட்டவேண்டும், ஜெல்லிஃபினில் இலவசம். அதைவிட நல்லது, கேசட்டிலிருந்து டிவிடியாக மாற்றிய வீடியோக்களை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒரே தடவை டிவிக்குப் புரியும் எச்.264 வகை MP4 கோப்பாக மாற்றி வைப்பது. அசல் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அப்புறம், ஜெல்லிஃபினில் லைப்ரரி (வீடியோ தொகுப்பு) சேர்க்கும்போது 'திரைப்படம்' என்று கொடுக்காமல் வீட்டு வீடியோ வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கல்யாணத்துக்கு ஏதாவது ஒரு சினிமா போஸ்டரைத் தேடிக் கொண்டுவந்து ஒட்டிவிடும்.

தங்கைக்காக ரவுட்டரில் 8096 போர்ட்டை, அதாவது ஜெல்லிஃபினுக்கான நுழைவாயிலை, இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து தட்டுவார்கள். லேப்டாப்பிலும் தங்கை போனிலும் டெயில்ஸ்கேல் என்ற தனிப் பாதை போடும் ஆப்பைப் போட்டால் இரண்டும் ஒரே வீட்டு வைஃபையில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். பிராட்பேண்டின் அப்லோட் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே படம் ஓடுவது அதை வைத்துத்தான்.

இருப்பது அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்தான் என்றால், சர்வர் வேலையைத் தொடங்கும் முன்பே இன்னொன்று வாங்கி நகல் எடுங்கள், தங்கை அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.