அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் மக்களுக்கான குறைந்த கட்டணக் கல்லூரி) ஐடி, நெட்வொர்க்கிங் அறிமுக வகுப்பு படிப்பதால் பயன் உண்டா? யூட்யூப் போதாதா?

நீங்கள் எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் மனைவி அல்லது கணவருக்குத் தரும் விசா) வீட்டில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் கலிஃபோர்னியாவில் இருந்தேன். ஊரில் படித்தது பி.காம். பயன் உண்டு, தாராளமாகச் சேருங்கள்.

காசு விஷயம்: கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (வகுப்பின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர். மூன்று யூனிட் வகுப்பு 138 டாலர், புத்தகமும் பார்க்கிங்கும் தனி. ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே குடியிருப்பதைக் காட்டினால் எச்4-இல் இருப்பவர்களுக்கும் இந்தக் கட்டணம்தான். எஃப்1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்குப் பல மடங்கு. மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு.

யூட்யூபில் கிடைக்காதது லேப். நெட்வொர்க் கேபிளின் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் (கிரிம்ப்) நாளில் எனக்கு ஜோடி, லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று 568பி என்ற கம்பி நிற வரிசையில் என் முனையை அடித்தேன். டெஸ்டரில் மாட்டினால் என் பக்கம் விளக்கு 1, 2, 3 என்று வர, அவர் பக்கம் 3, 6, 1 என்று குதித்தது. அவர் 568ஏ என்ற இன்னொரு வரிசையில் அடித்திருந்தார். வெட்டப் போனோம். ஆசிரியர் தடுத்து, "இதுதான் கிராஸோவர் கேபிள், முன்பெல்லாம் இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்க இதைத்தான் போடுவோம்" என்றார். அனுப்பும் கம்பி எது, வாங்கும் கம்பி எது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டும் அப்படித்தான். ஒரு பகுதியின் அளவு /26 என்றால் 64 முகவரி, அதில் முதலும் கடைசியும் போக 62. கணக்குப் பதிவியல் படித்தவருக்கு இது பயமே இல்லை.

"புருஷன் சம்பாதிக்கிறார், இவள் பொழுதுபோக்குக்குப் படித்தாள்" என்று கமெண்டில் யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். இந்த ஒரு வகுப்பை வைத்தே வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எச்4 இஏடி (வேலை செய்ய அனுமதி அட்டை) வந்த பிறகு ஹெல்ப் டெஸ்க் வேலைக்குப் போனேன். "ஒருவருக்கு இண்டர்நெட் வரவில்லை, என்ன பார்ப்பீர்கள்?" என்று இண்டர்வியூவில் கேட்டார்கள். கேபிளில் ஆரம்பித்து, ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி (தானாக முகவரி தரும் சேவை) கிடைக்கவில்லை, அது சரி என்றால் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்), அப்புறம் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது) என்று வரிசையாகச் சொன்னேன். அந்த வரிசை லேபில் வந்தது.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். என் பி.காமை மதிப்பிடக் கொடுத்த நிறுவனம் நல்ல பணம் வாங்கிக்கொண்டு, மூன்று வருடப் படிப்பு இங்கே இளங்கலைக்குச் சமமில்லை என்று ஒரு தாள் அனுப்பியது. பல்கலைக்கழகத்தில் ரேங்க் வாங்கிய படிப்பு அது. இன்றைக்கும் அந்தத் தாளைப் பார்த்தால் கோபம் வருகிறது. இந்திய டிகிரி வைத்திருக்கும் எத்தனையோ பெண்களுக்கு இதுதான் நடக்கிறது. அந்தக் கம்யூனிட்டி காலேஜ் மட்டும்தான் எந்த டிகிரித் தாளையும் கேட்காமல் என்னை உள்ளே விட்டது.

சேரும்போது லேப் நேரில் நடக்கும் பிரிவாகப் பார்த்து எடுங்கள். முழுக்க ஆன்லைன் என்றால் பாக்கெட் ட்ரேசர் என்ற நெட்வொர்க் பயிற்சி மென்பொருளோடு நின்றுவிடும், கேபிளைக் கையில் தர மாட்டார்கள். சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) எழுதும் எண்ணம் இருந்தால் 200-301 என்ற ஒரே தேர்வுதான். அடுத்த நிலை வகுப்புகளையும் முடித்துவிட்டு எழுதுங்கள்.